சனிக்கிழமை என்ன சாப்பிடுவான்? - ஜப்பான் வேலைக்கு முன் ஒரு ஜப்பான் சாப்பாடு!

“அங்க போயி இன்னாத்த சாப்புடுவான்?”

பெரியம்மா இந்தக் கேள்வியை முதலில் கேட்டது பொங்கலன்று. ஆடி பாதி கழிந்தும் அதே கேள்விதான். விசா, யென், நிலநடுக்கம், ஐந்து வருடப் பிரிவு எதைப் பற்றியும் அவர் பேசுவதில்லை. சாப்பாடு ஒன்றுதான் கவலை. அதிலும் சனிக்கிழமைச் சாப்பாடு.

பெரியம்மா வீடு தென்னேரியில். காஞ்சிபுரம் மாவட்டத்தில் வாலாஜாபாத்துக்கும் சுங்குவார்சத்திரத்துக்கும் நடுவில், கடல் மாதிரி விரிந்து கிடக்கும் ஏரியின் பெயரையே ஊருக்கும் வைத்திருக்கிறார்கள். தொண்டைமான் இளந்திரையன் பெயரால் ‘திரையன் ஏரி’ என்று இருந்ததுதான் தென்னேரி ஆனது என்பார்கள். ஏரித் தண்ணீரில் நெல், வீட்டுக்குள் தறி. இந்த இரண்டையும் நம்பித்தான் ஊர் பல தலைமுறை ஓடியது. இப்போது மூன்றாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. காலையிலும் மதியத்திலும் இரவிலும் கூட்டு ரோட்டில் வந்து நிற்கும் கம்பெனி பஸ்.

பெரியம்மா மகன், எனக்கு அண்ணன். வயது 27. டிப்ளமோ முடித்த கையோடு ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் சேர்ந்து ஏழு வருடம் ஆகிறது. பெரியப்பா இன்னும் தறியில்தான் உட்காருகிறார். அண்ணன் பத்தாவது படிக்கும்போது கோர்வை போடக் கற்றுக்கொண்ட இரண்டாவது தறி, இப்போது பைக் கவரும் பழைய ஃபேனும் வைக்கிற இடமாகிவிட்டது. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேச மாட்டார்கள். ஜப்பான் பேச்சு வந்த பிறகு அதுவும் சுத்தமாக நின்றுபோனது.

2019 ஏப்ரலில் ஜப்பான் ‘குறிப்பிட்ட திறன் பணியாளர்’ என்று ஒரு புது விசாவைத் தொடங்கியது. அங்கே வயதானவர்கள் கூடிவிட்டார்கள். தொழிற்சாலை, முதியோர் இல்லம், ஹோட்டல், வயல் எல்லாவற்றிலும் ஆள் பற்றாக்குறை. இந்தத் திட்டத்துக்காக இந்தியாவும் ஜப்பானும் 2021 ஜனவரியில் ஒப்பந்தம் போட்டன. தொழில் தேர்வு ஒன்று, மொழித் தேர்வு ஒன்று. இரண்டிலும் தேறினால் முதல் நிலையில் அதிகபட்சம் ஐந்து வருடம் வேலை பார்க்கலாம். ஆனால், அந்த நிலையில் குடும்பத்தை அழைத்துப் போக முடியாது. அண்ணன் போன டிசம்பரில் என்5 எழுதித் தேறிவிட்டார். வருகிற டிசம்பரில் என்4. அது கையில் வந்தால் மொழிக் கதவு திறந்துவிடும்.

அவர் கொஞ்சம் தயங்குவதும் அம்மாவின் கேள்வியால்தான். அவர் வீட்டில் சனிக்கிழமை கறி, மீன், முட்டை கிடையாது. புரட்டாசியில் மாதம் முழுக்கக் கிடையாது. அண்ணன் மற்ற நாள்களில் எல்லாம் சாப்பிடுவார். ஆனால், சனிக்கிழமையை இந்த 27 வருடத்தில் ஒருமுறைகூட மீறியதில்லை. சின்ன வயதில் மஞ்சள் காமாலை கண்டபோது பெரியம்மா பெருமாளுக்கு வேண்டிக்கொண்டது அது.

ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையில் புதிதாக ஒரு ஜப்பான் ஹோட்டல் திறந்திருப்பதை ரீல்ஸில் பார்த்ததும், “ஒரு நாள் போய்ச் சாப்பிட்டுப் பார்த்துடலாமா?” என்று கேட்டது நான்தான். “வேலை நாள்ல போலாம் பாப்பா. அங்க போனாலும் வேலை நாள்ல தானே சாப்புடணும்” என்றார் அண்ணன்.

அந்த வாரம் அவருக்கு மதிய ஷிஃப்ட். 2.10-க்கு தென்னேரியில் பஸ் ஏற வேண்டும். புதன்கிழமை 11.45-க்கு அந்தக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனோம். கடையின் பெயரை எழுதவில்லை. திறந்து மூன்று வாரம்தான் ஆகிறது. ஒருநாள் சாப்பாட்டை வைத்து நல்லது கெட்டது சொல்வது நியாயமில்லை.

யாருக்காக இந்தக் கடை?

சர்வீஸ் அபார்ட்மென்ட் ஒன்றின் தரைத்தளம். வாசலில் நீலத் துணித் திரை. உள்ளே பத்து மேஜை, சமையலறையைப் பார்த்தபடி நீளமான மரப் பலகை, அதன் முன்னால் ஆறு ஸ்டூல். பரிமாறுபவர் மணிப்பூர் இளைஞர். நாங்கள் நுழைந்ததும் உள்ளிருந்து “இராஷ்ஷாய்மாசே!” என்று ஒரு கூவல். அண்ணன் முகம் மலர்ந்தது. “வாங்க வாங்கன்னு அர்த்தம். கிளாஸ்ல சொல்லிக் குடுத்தாங்க. நெஜமா ஒருத்தர் சொல்லி இப்பதான் கேக்கறேன்.”

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஜப்பான் ஹோட்டல் என்பது நம்மூர் ஆள்களுக்கு வேடிக்கை. அந்த வட்டாரத்துக்கு அவசியம். ஒரகடத்தில் ரெனோ - நிஸான் தொழிற்சாலை 2010 மார்ச்சில் திறக்கப்பட்டது. கட்டுமான இயந்திரங்கள் செய்யும் கோமாட்சு அதற்கு முன்பே ஒரகடம் வந்துவிட்டது. வல்லம் வடகாலில் யமஹா 2015-ல் உற்பத்தியைத் தொடங்கியது. பெரிய கம்பெனி ஒன்று வந்தால் அதற்கு உதிரிபாகம் கொடுக்கிறவை பின்னாலேயே வரும். இருங்காட்டுக்கோட்டைக்கு ஹூண்டாய் வந்த பிறகு கொரியன் ஹோட்டல்கள் வந்த கதைதான். 2019 அக்டோபரில் சென்னையிலிருந்து நரிட்டாவுக்கு ஏ.என்.ஏ நேரடி விமானமே விட்டது. அடுத்த மார்ச்சில் கொரோனா வந்து அது நின்றது தனிக்கதை.

வருகிற ஜப்பான் பொறியாளர்களில் பலர் தனியாகத்தான் வருகிறார்கள். மனைவி, பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு வேலைக்காக வேறிடத்தில் தனியாக இருப்பதற்கு அவர்கள் மொழியில் ஒரு சொல்லே உண்டு: ‘தன்ஷின் ஃபுனின்.’ பிள்ளைகளின் பள்ளிப்படிப்பு, வயதான பெற்றோர், சொந்த வீட்டுக் கடன்... காரணம் எல்லாம் நமக்குத் தெரிந்தவைதான். அப்படி வந்தவர்களின் வீட்டிலும் யாரோ ஒருவர் “அங்கே போய் என்ன சாப்பிடுவார்?” என்று கேட்டிருப்பார்கள் இல்லையா? இந்தக் கடை அந்தக் கேள்விக்கான பதில்.

நாங்கள் போனபோது மரப் பலகை முன்னால் ஒரே ஒருவர். ஐம்பதைத் தாண்டிய ஜப்பானியர். சாம்பல் நிற கம்பெனி சட்டை, பக்கத்தில் கவிழ்த்து வைத்த செல்போன். தட்டு வந்ததும் இரண்டு கையையும் சேர்த்து ஒரு நொடி தலை குனிந்தார். பிறகு யாரையும் பார்க்காமல் சாப்பிட ஆரம்பித்தார்.

தட்டில் ஃபைவ் எஸ்!

மெனு கார்டைப் பார்த்ததும் முதல் அதிர்ச்சி விலை. மதியத்துக்கான செட் சாப்பாடு சைவம் 480 ரூபாய், கோழி 620, மீன் 750. டோக்கியோவில் அலுவலகம் போகிறவர்களுக்கு ‘ஒரு நாணயச் சாப்பாடு’ என்று ஒன்று உண்டு. 500 யென் நாணயம் ஒன்றைப் போட்டால் ஒரு வேளைச் சாப்பாடு. சுமார் முன்னூறு ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது விலைவாசி ஏறி அதுவும் குறைந்துவருகிறது என்றாலும், அங்கே சாதாரண ஆள் சாப்பிடுகிற சாப்பாடு, கடல் தாண்டி இங்கே வரும்போது பணக்காரச் சாப்பாடு ஆகிவிடுகிறது. நம் தோசைக்கும் வெளிநாட்டில் அதுதானே நடக்கிறது!

ஒரு சைவ செட், ஒரு கோழி செட், ருசி பார்க்க இரண்டு துண்டு சால்மன் சுஷி சொன்னோம். முதலில் சுடச்சுட ஈரத் துண்டு வந்தது, கை துடைக்க. பிறகு, வறுத்த அரிசி கலந்த டீ. பொரி வாசம். “இதுல கொஞ்சம் வெல்லம் போட்டா நம்ம வீட்டு ஐட்டம்” என்றார் அண்ணன்.

தட்டு வந்ததும் அவர் சாப்பிடவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார். இடது கைப் பக்கம் சோற்றுக் கிண்ணம். வலது பக்கம் மூடி போட்ட சூப். பின்னால் முக்கியப் பதார்த்தம். சின்னச் சின்னக் குழிக் கிண்ணங்களில் கூட்டு மாதிரி ஒன்று, ஊறுகாய். குறுக்கே குச்சிகள். என் தட்டிலும் அவர் தட்டிலும் அங்குலம் மாறாமல் அதே இடம்.

“ஃபைவ் எஸ்!” என்று சிரித்தார்.

தொழிற்சாலைக்குப் போகாதவர்களுக்காக: செய்ரி, செய்டோன், செய்சோ, செய்கெட்சு, ஷிட்சுகே. வேண்டாததை நீக்கு, வேண்டியதை அதனதன் இடத்தில் வை, சுத்தம் செய், அதை முறையாக்கு, பழக்கமாக்கு. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளில் இந்த ஐந்து சொல் தெரியாமல் வேலை பார்க்க முடியாது. ஜப்பான்காரர்களின் சோறு எது, சூப் எது என்று தெரியாமலே ஏழு வருடமாக அவர்கள் மொழியில் பேசிக்கொண்டிருக்கிறார் அண்ணன். கைசன், கெம்பா, போகா யோகே, முடா எல்லாம் அவருக்குத் தமிழ் மாதிரி. “முடான்னா வேஸ்ட். ஒரு பருக்கை மிச்சம் வெச்சாலும் முடாதான்” என்று குச்சியை எடுத்தார்.

இப்படிச் சோறு, சூப், ஊறுகாய், தொட்டுக்கொள்ள ஒன்றிரண்டு என்று ஒரே தட்டில் வருவதற்குப் பெயர் ‘தெய்ஷோகு’. ‘ஒரு சூப், மூன்று பதார்த்தம்’ என்பது அவர்களின் பழைய வீட்டுக் கணக்கு. இந்தச் சாப்பாட்டு முறையை 2013-ல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. எனக்கு என்னவோ அளவுச் சாப்பாடு ஞாபகம்தான் வந்தது. நடுவில் சோறு, சுற்றிலும் கிண்ணம். ஒரே வித்தியாசம், நாம் பிசைகிறோம், அவர்கள் பிசைவதில்லை. சோறு சோறாகவே இருக்க வேண்டும். ஒரு வாய் சோறு, ஒரு கடி காய், ஒரு மடக்கு சூப் என்று மாறி மாறிப் போக வேண்டும். அண்ணன் இரண்டாவது நிமிடமே சூப்பைச் சோற்றில் ஊற்றப் போனவர், பலகை முன்னால் இருந்தவரைப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார்.

சோறுதான் அவரை முதலில் சமாதானப்படுத்தியது. பயந்த மாதிரி குச்சியில் நழுவவில்லை. அந்தக் குட்டை அரிசியில் அமைலோஸ் என்கிற மாவுச்சத்து குறைவு. அதனால் வெந்ததும் பருக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நம் பொன்னியில் அது கூடுதல், உதிரியாக நிற்கும். குச்சியால் சாப்பிட ஒட்டுகிற அரிசி வேண்டும், குழம்பு ஊற்றிப் பிசைய உதிர்கிற அரிசி வேண்டும். எது முதலில் வந்தது, அரிசியா பழக்கமா என்று நாங்கள் கொஞ்ச நேரம் வாதம் செய்தோம். முடிவு எட்டவில்லை.

டெம்புரா வந்தபோது வாதமே இல்லை. கத்தரிக்காய், பூசணி, சர்க்கரைவள்ளி, பீன்ஸ். மெல்லிய மாவில் தோய்த்து எண்ணெயில் போட்டது. பஜ்ஜி! மிளகாய்த்தூளும் கடலை மாவும் இல்லாத பஜ்ஜி. 16-ம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர்கள் ஜப்பானுக்குக் கொண்டுபோன பழக்கம் என்கிறார்கள். அதே போர்ச்சுக்கீசியர்கள்தான் நமக்கு மிளகாயைக் கொண்டுவந்தார்கள். அவர்களுக்கு மாவு, நமக்குக் காரம். பங்கீடு எனக்குத் திருப்திதான்.

சுஷியை அண்ணன் தொடவில்லை. நான் இரண்டையும் சாப்பிட்டேன். பச்சை மீன் என்றதும் வரும் கவுச்சி பயம் வீண். வாசமே இல்லை, வெண்ணெய் மாதிரி கரைந்தது. பச்சையாகச் சாப்பிடும் மீனில் ஒட்டுண்ணிகள் சாக மைனஸ் 20 டிகிரியில் ஏழு நாள் உறைய வைக்க வேண்டும் என்பது அமெரிக்க உணவுத்துறையின் விதி. அப்படி வைக்கிறீர்களா என்று கேட்டேன், உறைந்துதான் வருகிறது என்றார்கள். இன்னொரு சுவாரசியம், பச்சை சால்மன் ஜப்பானியர்களின் பரம்பரை வழக்கமே இல்லை. 1980-களில் நார்வே தன் மீனை விற்க அவர்களுக்குப் பழக்கிவிட்டது.

சூப்புக்குள் ஒளிந்திருந்தது

வந்த வேலை இது இல்லையே. அண்ணன் குச்சியைக் கீழே வைத்தார். அதற்கும் ஓர் இடம் இருக்கிறது, சின்னதாக ஒரு பீங்கான் கட்டை. சோற்றில் மட்டும் நேராகக் குத்தி வைக்கக் கூடாது. இறந்தவர்களுக்குப் படைக்கும்போதுதான் அங்கே அப்படி வைப்பார்கள்.

“தம்பி, இந்த ரெண்டு தட்டுல நான் சனிக்கிழமை எதெல்லாம் சாப்புடலாம்?”

பரிமாறும் இளைஞர் சைவ செட்டைக் காட்டினார். எல்லாமே வெஜ்.

“சூப்பு?”

“வெஜ்தான். மிசோ. சோயாபீன்ஸ் புளிக்க வெச்சு செய்றது.”

அண்ணன் விடவில்லை. செல்போனில் எழுதி வைத்திருந்த ஒரு வாக்கியத்தைப் பார்த்துப் பார்த்து ஜப்பானிய மொழியில் சொன்னார். அந்த இளைஞருக்கு அது புரியவில்லை. உள்ளே சமையலறையில் இருந்த பெரியவருக்குப் புரிந்தது. வெளியே வந்தார். பத்து வருடம் ஜப்பானிய சமையற்காரரிடம் வேலை கற்ற தமிழர் அவர். “தாஷி எதுலன்னு கேக்கறாரு” என்று சிரித்தார். “கரெக்டான கேள்வி. இங்க வெஜ் செட்டுக்குத் தனியா கொம்பு தண்ணி வெச்சிருக்கேன். அந்த ஊர்ல அப்படி இருக்காது.”

இதுதான் விஷயம். தாஷி என்பது ஜப்பான் சமையலின் அடித்தண்ணீர். நாம் எதற்கும் புளியோ பருப்புத் தண்ணீரோ விடுவதுபோல அவர்கள் எதற்கும் தாஷி விடுவார்கள். சூப், கீரை, காய்க்கூட்டு, டெம்புரா தொட்டுக்கொள்ளும் சாறு, நூடுல்ஸ், சமயத்தில் முட்டைப் பொரியல் எல்லாவற்றிலும். அதில் பெரும்பாலும் சேருவது ‘கட்சுவோபுஷி’. வேகவைத்து, புகை போட்டு, கட்டைபோல உலர்த்தி, சீவல் சீவலாகச் செதுக்கிய மீன். தூத்துக்குடி, ராமேஸ்வரம் பக்கம் இருப்பவர்களுக்கும் இலங்கைத் தமிழர்களுக்கும் சட்டென்று புரியும்: நம் மாசி! இரண்டும் ஒரே சூரை மீன்தான். மாசியைத் தட்டிச் சம்பலில் போடுகிறோம், அவர்கள் தண்ணீரில் போட்டு வடித்துவிடுகிறார்கள். வடித்துவிடுவதால் மீன் கண்ணுக்குத் தெரியாது. தட்டில் பார்த்தால் பச்சைக் கீரை. கேட்டால், மனதார “இதில் மீன் இல்லை” என்பார்கள். அவர்கள் கணக்கில் அது மீன் இல்லை, ருசி.

அந்த ருசிக்கும் ஒரு கதை உண்டு. 1908-ல் கிகுனாயே இகேதா என்ற டோக்கியோ பேராசிரியர், கொம்பு என்கிற கடல்பாசித் தண்ணீரின் ருசிக்குக் காரணம் குளுடமேட் என்று கண்டுபிடித்து, அந்த ருசிக்கு ‘உமாமி’ என்று பெயர் வைத்தார். அடுத்த வருடமே அது பாக்கெட்டில் விற்பனைக்கு வந்தது. ஃப்ரைட் ரைஸ் கடையில் நாம் சண்டை போடும் அஜினோமோட்டோ அதுதான்.

“அப்ப சனிக்கிழமை சோறும் ஊறுகாயும்தானா?” என்றார் அண்ணன்.

சமையற்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கூட்டம் இல்லை. “கோயில் சாப்பாடு ஒண்ணு இருக்கு. ‘ஷோஜின் ர்யோரி’. ஜென் மடத்துச் சாமியாருங்க சாப்புடறது. மீன், கறி, முட்டை கெடையாது. வெங்காயம் பூண்டு கூடக் கெடையாது. தாஷிக்குக் கொம்பும் காஞ்ச காளானும்தான். ஆனா, அது தெனமும் வாங்கிச் சாப்புடற விலையில இருக்காது. நீங்களே செஞ்சுக்கணும். கொம்பு பாக்கெட்டு எல்லாக் கடையிலயும் இருக்கும். ராத்திரி தண்ணியில போட்டு வெச்சா காலைல ரெடி.”

ஜென் என்றதும் எனக்குக் காஞ்சிபுரம் ஞாபகம் வந்தது. ஜென்னின் முதல் குரு என்று அவர்கள் வணங்கும் போதிதர்மர், காஞ்சியிலிருந்து போன பல்லவ இளவரசர் என்பது நம் பக்கம் வழங்கும் மரபு. ‘ஏழாம் அறிவு’ பார்த்த எல்லோருக்கும் தெரியும். ஜப்பானில் ‘தருமா’ என்று கண் வரையாத சிவப்புப் பொம்மையாகக் கடைதோறும் உட்கார்ந்திருப்பவர் அவர்தான். வேண்டிக்கொள்ளும்போது ஒரு கண் வரைவார்கள், வேண்டுதல் நிறைவேறினால் மற்றொன்று. காஞ்சிக்காரர் பெயரைச் சொல்லும் மடங்களின் சைவச் சமையல், 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தென்னேரிக்காரருக்குச் சனிக்கிழமை கைகொடுக்கப்போகிறது.

இன்னும் ஒன்று. ஜப்பானே பல நூற்றாண்டுகள் மாட்டிறைச்சியை ஒதுக்கி வைத்திருந்த நாடு. 675-ம் ஆண்டிலேயே அரசர் தென்மு மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி தின்னத் தடை போட்டார். 1872-ல் பேரரசர் மெய்ஜி மாட்டிறைச்சி சாப்பிட்டார் என்ற செய்தி வெளியான பிறகுதான் ஊர் மாறியது. மீன் மட்டும் எப்போதும் விலக்கு இல்லை. அண்ணனுக்கு அங்கே சிக்கலும் அதுதான். கறியை விட்டு ஒதுங்கிவிடலாம், மீனை விட்டு ஒதுங்க முடியாது.

“அதெல்லாம் சரி சார், கொழம்பு?” என்றார் அண்ணன் கடைசியாக.

அதற்குக் கவலையே வேண்டாம். ஜப்பானியர்களின் வீட்டுச் சாப்பாட்டில் ‘கரே ரைஸ்’ ரொம்பப் பிரியமானது. பிரிட்டிஷார் வழியாகப் போன பொடி, அங்கே இனிப்பும் கெட்டியுமாக மாறிவிட்டது. சுதந்திரப் போராட்டக்காரர் ராஷ் பிஹாரி போஸ் சொல்லிக்கொடுத்த இந்தியக் குழம்பை டோக்கியோவின் நகமுராயா கடை 1927-ல் விற்கத் தொடங்கியது. இன்னொரு போராட்டக்காரர், கேரளத்து ஏ.எம்.நாயர் 1949-ல் கின்சாவில் திறந்த கடை இன்னும் நடக்கிறது. டோக்கியோ நிஷி கசாய் பக்கம் ஐ.டி ஆள்கள் புண்ணியத்தில் இட்லி மாவே கிடைக்கும். ஆனால், அண்ணன் போகப்போவது டோக்கியோவுக்கு அல்ல. தொழிற்சாலைகள் இருக்கும் ஏதோ ஒரு சிற்றூருக்கு. கம்பெனி விடுதி அறை, ஒரு ரைஸ் குக்கர், ஒரு அடுப்பு. “சமைக்கக் கத்துக்கிட்டுப் போங்க தம்பி. மொழிய விட அது முக்கியம்” என்றார் சமையற்காரர்.

வெளியே கிளம்பியபோது

பலகை முன்னால் இருந்த ஜப்பானியர் எழுந்தார். கிண்ணத்தில் ஒரு பருக்கை இல்லை. மறுபடி கை சேர்த்து, சமையலறை பக்கம் பார்த்து “கொச்சிசோசாமா” என்றார், சாப்பாடு போட்டவருக்கு நன்றி. எங்கள் மேஜையைத் தாண்டும்போது அண்ணன் சட்டென்று எழுந்து நின்றார்.

“ஒட்சுகாரேசாமா தெஸ்.”

வேலை முடிந்து போகிறவரிடம் கூட வேலை பார்ப்பவர் சொல்வது. ‘உழைச்சுக் களைச்சிருப்பீங்க’ என்கிற மாதிரி. கம்பெனியில் ஷிஃப்ட் முடியும்போது அண்ணன் தினமும் கேட்பது. அந்த நேரத்துக்கு அது சரியான வார்த்தைதானா தெரியாது. அவர் நின்றார். அண்ணனின் சட்டையில் இருந்த கம்பெனி அடையாள அட்டையைப் பார்த்தார். இடுப்பு வளைய ஒரு வணக்கம் போட்டு, அதே வார்த்தையைத் திருப்பிச் சொல்லிவிட்டு, செல்போனை எடுத்துக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனார். அவருக்கும் பிற்பகல் வேலை இருந்திருக்கும்.

பில், வரியோடு 1,500-ஐத் தொட்டது. அலுவலகக் கணக்கு என்றதும்தான் அண்ணன் பர்ஸை உள்ளே வைத்தார். ஒரு ஒனிகிரி மட்டும் தன் காசில் பார்சல் வாங்கினார். முக்கோணச் சோற்று உருண்டை, உள்ளே உப்பில் ஊறிய உமேபோஷி பழம், வெளியே கடல்பாசித் தாள். மீன் இல்லை என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டார்.

ஜப்பான் வேலைக்கு முயற்சி செய்கிறவர்களுக்கு நடுவில் ஒரு வார்த்தை. நாங்கள் பைக்கில் திரும்பும் வழியில் ‘ஜப்பான் வேலை, மொழி தேவையில்லை’ என்று ஒரு சுவர் விளம்பரம் பார்த்தோம். இந்த விசாவுக்கு மொழி தேர்வு கட்டாயம். முன்பணம் கேட்கும் ஏஜென்ட் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவானவரா என்று பாருங்கள். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் 1978-லிருந்து இருக்கிறது.

தென்னேரி வந்து சேரும்போது மணி 1.50. பெரியப்பா தறியை நிறுத்தாமலே “எவ்ளோ ஆச்சு?” என்றார். அண்ணன் ஒனிகிரி விலையை மட்டும் சொன்னார். அதற்கே நாடா ஒரு நொடி நின்றது.

பெரியம்மா பார்சலைப் பிரித்தார். “கருப்பா இன்னாது இது, கார்பன் பேப்பரா?” ஓரத்தில் ஒரு விள்ளல் பிட்டு வாயில் போட்டார். மென்றார். நடுவில் இருந்த பழம் தட்டுப்பட்டதும் முகம் சுளித்து, பிறகு தெளிந்தார். “நார்த்தங்கா. நம்ம உப்பு நார்த்தங்காய்தான். பழைய சோத்த உருட்டி நடுவுல வெச்சிருக்கான்.” இன்னொரு விள்ளல். “நார்த்தங்கா ஒரு ஜாடி எடுத்துனு போ. வுடுவானா?”

“இறைச்சிதான் கூடாதும்மா. பச்சைக் காய், பழம், எலைக்கு சர்ட்டிஃபிகேட் கேப்பான். ஊறுகாய்க்கு இன்னா ரூல்னு பாக்கறேன்” என்றார் அண்ணன் ஷூவை மாட்டியபடி.

“சனிக்கெழம?”

“நானே சமைச்சிக்கறேம்மா.”

“அது சரி. அந்த ஊர்ல சனிக்கெழமன்னு ஒண்ணு இருக்கா? அவனுங்களுக்கு எது எந்த நாளுன்னு தெரியுமா?”

அண்ணன் லேஸ் கட்டுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். இது அவர் கிளாஸில் படித்த பாடம். “நம்ம மாதிரியேதாம்மா. ஞாயிறு சூரியன், திங்கள் நெலா, அப்புறம் செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி. கெரகம் வரிசை அப்படியே. சனிக் கெரகத்துக்குப் பேரு ‘தோசெய்’. அதான் சனிக்கெழம ‘தோயோபி’.”

“சனிக்கு இன்னா பேரு சொன்ன?”

“தோசெய்.”

“தோசையா?”

“தோ... செய்ம்மா.”

பெரியம்மா காதில் அது விழவில்லை. ஒனிகிரியின் மிச்சத்தைத் தட்டு போட்டு மூடிவிட்டு உள்ளே போனவர், சமையலறையிலிருந்தே கேட்டார்.

“அப்ப அரிசி, உளுந்து அங்க கெடைக்குமாடா?”

கூட்டு ரோட்டில் பஸ் ஹாரன் கேட்டது. அண்ணன் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.